இடக்கைத் துப்பாக்கி

நாற்பத்தோரு வயதில் ரெபேக்காளுக்கு ஒரு துப்பாக்கி வாங்க வேண்டும் என்று தோன்றியது. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு காகித அட்டையைச் சுடுவதற்கு.

அவள் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். வீடு திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு ஊரின் காலனியில். புருஷன் சாலமோன் குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறவன். மகள் சிநேகா செங்கல்பட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ரெபேக்காளின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். அவளைப் பற்றி ஊரில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லாமல்தான் இருந்தது.

தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு தடவை எங்காவது கூட்டிப்போவார்கள். அந்த வருஷம் திருப்போரூர் பக்கம் ஒரு ரைபிள் கிளப்புக்கு. விருப்பப்பட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தோட்டா சுட்டுப் பார்க்கலாம் என்றார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரெபேக்காள் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது சுட்டவள். ஆனால் அங்கே அவளை வலது தோளில் வைத்துச் சுட வைத்திருந்தார்கள். அவளுக்கோ இடது கைப் பழக்கம். கூர்மையாகப் பார்ப்பதும் இடது கண்தான். இங்கே சொல்ல ஆளில்லாததால் பாயில் குப்புறப் படுத்து, துப்பாக்கியை இடது தோளில் சாத்தினாள். சுட்டாள். அட்டையை இழுத்துப் பார்த்தபோது எல்லாத் துளைகளும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியிருந்தன.

"இன்னொரு அட்டை தருவீங்களா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் கிளப்புக்குப் போவது வழக்கமாயிற்று. சாலமோன் ஆரம்பத்தில் சிரித்தான். பிறகு வண்டியிலேயே கொண்டுபோய் விட்டான்.

கிளப் துப்பாக்கியில் அவளுக்கு ஒரே தொல்லை. ஒவ்வொரு தடவை சுட்டதும் போல்ட் என்கிற கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, புதுத் தோட்டாவைப் போட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். அந்தக் கைப்பிடி வலது பக்கம் இருந்தது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு அது கைக்கு வாகு. ரெபேக்காளுக்கு இடது கை விசையில். வலது கை முன்னால் துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டிருக்கும். இடது கையை எடுத்து மேலே சுற்றிக் கொண்டுபோய்த்தான் போல்ட்டைத் திருப்ப வேண்டும். அப்படிச் செய்தால் தோள் நகரும், கன்னம் நகரும், படுத்த வாக்கே கலைந்துவிடும்.

"ஒவ்வொரு குண்டுக்கும் வூட்ட இடிச்சி கட்டற மாதிரி கீது, பாய்," என்றாள் நூர்முகமதுவிடம்.

நூர்முகமது செங்கல்பட்டு பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அதே கிளப்பில் பல வருஷமாகச் சுடுகிறவர். பெருத்த உடம்பு, பெருத்த குரல். அவர் சொன்னார்: "சொந்தமா ஒண்ணு வாங்கிடு. நான் சொல்றன் கேளு. பெரிய ரகமா த்ரீ ஒன் ஃபைவ் வாங்கு. நம்ம நாட்டுல செய்யறது. போல்ட்டு கெட்டியா இருக்கும். சுட்டா ஊருக்கே கேக்கும். இந்த கெளப்பு பாயின்ட் டூ டூ இன்னா துப்பாக்கி? கொசு கடிச்ச மாதிரி."

அவரிடம் அந்தப் பெரிய துப்பாக்கி ஒன்று இருந்தது. பெரிய ரகத் துப்பாக்கிகளுக்கென்று வேறொரு ரேஞ்சில் பயிற்சி நடந்தபோது அவளையும் கூப்பிட்டார். ரெபேக்காள் காதில் அடைப்பை வைத்துக்கொண்டு படுத்தாள். முதல் வெடியில் துப்பாக்கியின் பின்கட்டை தோளை ஓங்கிக் குத்தியது. மண் மேட்டிலிருந்து தூசி கிளம்பியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அதிர்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் நாலாவது வெடியிலேயே விசையைத் தொடும்போது கண் தானாக மூடத் தொடங்கியது. அட்டையில் துளைகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. மறுநாள் தோளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தடம்.

"வலி போயிடும்," என்றார் நூர்முகமது.

"வலி போயிடும் பாய். தோட்டா வாங்கி ஆவுமா? உன் ஒரு தோட்டா காசுல நான் கைநிறைய சின்ன தோட்டா வாங்குவன். கெளப்புல இத்த சுட வுடவும் மாட்டாங்க, செவுரு தாங்காது. வருஷத்துக்கு ரெண்டு தபா வெடிச்சிட்டு துணியில சுத்தி வெக்கணும். எனக்கு வாராவாரம் சுடணும்."

"அதுவும் சரிதான்," என்று நூர்முகமது ஒப்புக்கொண்டார். சின்ன ரகம் என்று முடிவாயிற்று.

ஆனால் சின்ன ரகத்திலும் இடக்கைக்குத் துப்பாக்கி கிடைப்பது லேசில்லை. நம் நாட்டில் செய்து அவள் கைக்கு எட்டும் விலையில் வருவதாகக் கடைக்காரர் காட்டியதெல்லாம் வலது போல்ட். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைப்பதற்குப் பெரிய போட்டிகளில் பேர் வாங்கியிருக்க வேண்டும். காசும் கொட்டிக் கொடுக்க வேண்டும். ரெபேக்காளிடம் இரண்டும் இல்லை. ஆயுதக் கடைக்காரர் பட்டியலை மூடிவிட்டு, ஏதோ நினைவு வந்தவராக, உள்ளே இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஜெர்மனியில் செய்தது. நீளமான, கனமான குழாய். கட்டை வாதுமைப் பழுப்பில். போல்ட் இடது பக்கம்.

"கல்பாக்கத்துல இன்ஜினியரா இருந்தவர் துப்பாக்கி. பேரு ஜானகிராமன். அவர் காலமான பிறகு இங்க ஒப்படைச்சாங்க. ஆறு வருஷமா கிடக்குது. வர்றவங்க எல்லாம் தூக்கிப் பார்த்துட்டு, போல்ட்டப் பார்த்துட்டு வெச்சிட்டுப் போயிடறாங்க. விலை அந்த அம்மாகிட்டதான் பேசணும்."

ரெபேக்காள் தூக்கினாள். இடது கை போகவேண்டிய இடத்துக்குத் தானாகப் போயிற்று. வலது கை முன்கட்டையைத் தாங்கியபடியே இருக்க, போல்ட்டைத் திறந்து மூடிப் பார்த்தாள். கன்னம் நகரவில்லை. கடைக்காரர் முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளக் கஷ்டப்பட்டாள்.

ஜானகிராமனின் மனைவி தனகோடி மாமல்லபுரத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு பின்னால் குடியிருந்தார். மாடியை வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சாலமோன் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வர மறுத்து அங்கேயே உட்கார்ந்துகொண்டான். தனகோடி ரெபேக்காளுக்கு காபி கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"எனக்கு அந்தத் துப்பாக்கி மேல ஆசையும் கிடையாது, கோபமும் கிடையாது. ஞாயித்துக்கிழமையானா அவர் அதைத் தூக்கிட்டுப் போவார். நான் என் வேலையைப் பார்ப்பேன். அவர் போனதுக்கப்புறம் எனக்கு அது ஒரு அலைச்சல். வாங்கறதா இருந்தா வாங்கிக்கோங்க. ஆனா நல்லா சுடுதான்னு முதல்ல பார்த்துக்கோங்க. அப்புறம் வந்து, ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

"குழா துரு பிடிச்சிருக்குமாம்மா? கடல் காத்து இல்ல?"

"தெரியலையே. தினம் எண்ணெய் போட்டுத் துடைப்பார். என் ஸாரிக்குக் கூட அவ்வளவு பண்ணதில்லை."

அடுத்த ஞாயிறு கடைக்காரரே துப்பாக்கியைக் கிளப்புக்கு எடுத்துவந்தார். முதலில் கிளப்பில் எல்லோரும் வாங்கும் மலிவுத் தோட்டா. துளைகள் ரசத்தில் தாளித்த கடுகு மாதிரி பரவிக்கிடந்தன. நூர்முகமது நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு, போட்டிக்காரர்கள் வாங்கும் உசத்தித் தோட்டா, ஒரு பெட்டி கடன் வாங்கியது. அதுவும் பெரிதாகச் சேரவில்லை. "குழா போயிடுச்சி, வுட்டுடு," என்றார் அவர்.

ரெபேக்காளுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது என்று கிளப்பில் பேசிக் கேட்டிருந்தாள். இரண்டுக்கும் நடு விலையில் ஒரு தோட்டா இருந்தது. மெழுகு அதிகம் என்று யாரும் தொடுவதில்லை. குழாயைத் துடைத்துவிட்டு அதைப் போட்டாள். முதல் ஐந்தாறு சுமாராகப் போயின. அதற்குப் பிறகு துளைமேல் துளை விழ ஆரம்பித்தது. பின்னாலிருந்து தூரநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த நூர்முகமது, "ஒண்ணுதான தெரியுது? மிச்சம் எங்க போச்சி?" என்றார். மிச்சமும் அதே ஓட்டைக்குள்தான் போயிருந்தது.

விலை பேசி முடிந்தது. யாரும் கேட்காத இடது போல்ட் என்பதால் அவள் பயந்த அளவுக்கு இல்லை. சர்ச்சில் போட்டிருந்த சீட்டு எடுத்தால் சரிக்கட்டிவிடலாம். இனி லைசென்ஸ்தான்.

அங்கேதான் வந்தது வினை.

விசாரணைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் காலனிக்குள் ஜீப்பை விட்டதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இரும்பு அலமாரியைத் தட்டிப் பார்த்தார்.

"யார் கூடயாச்சும் பகையாம்மா?"

"இல்ல சார். போட்டிக்கு."

"போட்டின்னா கிளப் துப்பாக்கி இருக்குல்ல?"

"அது வலது கைக்காரங்களுது சார்."

அவர் எழுதிக்கொண்டு போனார். போகிற வழியில் ஊர்த் தெருவில் டீ குடித்தார். விஷயம் அங்கே இறங்கியது. இரண்டு வாரத்தில் மாஜி ஊராட்சித் தலைவர் நாலைந்து பேரோடு ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்தார். காலனியில் துப்பாக்கி வந்தால் ஊரின் அமைதி கெடும், பெண்கள் வெளியே நடமாடப் பயப்படுவார்கள் என்று அதில் இருந்தது. அந்தத் தலைவர் வீட்டிலேயே அவருடைய அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

சாலமோன் கலங்கிப்போனான். அவன் தண்ணீர் கேன் போடும் கடைகளில் பாதி ஊர்த் தெருவில்தான். "வேணாம் ரெபே. இன்னாத்துக்கு பேஜாரு? கெளப்புல கீற துப்பாக்கிய சுட்டுகினு இரேன்," என்றான்.

"கேன் வேணாம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"ரெண்டு கடையில சொல்ட்டாங்க."

அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். அன்று அவளும் தயங்கினாள் என்பதுதான் உண்மை. தொழிற்சாலையில் ஒரு துண்டு இரும்பை அளந்து, சரி என்றோ தள்ளு என்றோ சொல்லிவிடலாம். இதில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு நஷ்டம் வந்தது. தன் லைசென்ஸ் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று சிநேகாவிடம் கேட்டாள். சிநேகா, "வாங்கிக்கோ. ஆனா அவங்க சொன்னதுக்காக வாங்கிக்காத. உனக்கு வேணாம்னா வாங்கிக்கோ," என்றாள். ரெபேக்காளுக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இதற்கிடையே தனகோடியிடமிருந்து போன். கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் பையனுக்கு இடக்கைத் துப்பாக்கி தேடுகிறாராம். கூடுதல் விலை தருகிறாராம். "நான் உங்களுக்குன்னு சொல்லிட்டேன். ஆனா காலம் பூரா காத்திருக்க முடியாதில்ல? ஆடி முடியற வரைக்கும் பார்க்கறேன்."

ஆனியில் கலெக்டர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நூர்முகமது கிளப்பின் சார்பில் கூட வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர், களைத்த முகம். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "உங்க ஊர்லயே ஆட்சேபணை இருக்கே. துப்பாக்கிய கிளப்லயே வெச்சிருப்பேன்னு எழுதிக் குடுங்க. எல்லாருக்கும் நல்லது," என்றார்.

"இவர் எங்க சார் வெச்சிருக்காரு?" என்று ரெபேக்காள் நூர்முகமதுவைக் காட்டினாள்.

நூர்முகமது திடுக்கிட்டு, "வூட்ல சார்," என்றார்.

"மனு குடுத்தாரே தலைவரு, அவர் எங்க வெச்சிருக்காரு?"

அதிகாரி மனுவை எடுத்து மறுபடி புரட்டினார்.

"கெளப்புல வெக்கறது எனக்கு கஷ்டம் இல்ல சார். ஆனா எனக்கு மட்டும் அப்டி எழுதி வாங்காதீங்க. சட்டத்துல எல்லாருக்கும் அப்டித்தான்னா சொல்லுங்க, இப்பவே எழுதித் தரன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். "போயிட்டு வாங்க. தகவல் வரும்," என்றார். வெளியே வந்ததும் நூர்முகமது, "என்னையும் சேத்து மாட்டி வுட்டியே!" என்று கத்தினார், பிறகு அவரே கேன்டீனுக்குக் கூட்டிப்போய் வடை வாங்கிக் கொடுத்தார்.

ஆடி வந்தது, போனது. தகவல் வரவில்லை. ரெபேக்காள் தனகோடிக்குப் போன் செய்யவில்லை, என்னவென்று சொல்வது? கிளப் துப்பாக்கியிலேயே கையைச் சுற்றிச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஆவணியில் ஒருநாள் தனகோடியே கூப்பிட்டார்.

"உங்களுக்கு இன்னும் வேணுமா? அந்தப் பையனுக்குப் பிஸ்டல்தான் பிடிச்சிருக்காம். அவங்க வேண்டாம்னுட்டாங்க."

"வேணும்மா. ஆனா லைசென்ஸ் வரல."

"சரி. கிடந்ததுதானே, கிடக்கட்டும்."

புரட்டாசியில் லைசென்ஸ் வந்தது. அதைப் பிரித்து, எங்கேயாவது நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று சாலமோனும் அவளும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் இருப்பதுதான் இருந்தது. தனியாக ஒன்றுமில்லை.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, போல்ட்டைக் கழற்றித் தனியாகப் பூட்டி, அலமாரியில் வைத்தாள். மூன்று மாதம் அங்கேயே இருந்தது. காலனியில் யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாடு. குட்டியானைக்குச் சவாரி இருந்தால் பஸ்ஸில்தான் போக வேண்டும், பஸ்ஸில் அந்தப் பெட்டியை ஏற்ற முடியாது. அது போக அலமாரியில் ஈரம் இறங்கிக் குழாயில் லேசாகப் புள்ளி தட்டியது. தை பிறந்ததும் அவளே கிளப்பின் ஆயுத அறையில் கொண்டுபோய் வைத்தாள். "இதத்தான அந்த ஆபீசர் அன்னிக்கே சொன்னாரு?" என்று சாலமோன் கேட்டான். "அவர் சொன்னது வேற," என்றாள் ரெபேக்காள்.

கட்டை அவளுக்கு நீளம்; ஜானகிராமன் உயரமான ஆளாம். தோள் படும் முனையை இரண்டு விரல் அளவு அறுக்க வேண்டியிருந்தது. அறுப்பதற்கு முன் தனகோடியிடம் ஒரு வார்த்தை கேட்டாள். "உங்களுதுதானே, எதுக்கு என்னைக் கேக்கறீங்க?" என்று அவர் சொன்னது ரெபேக்காளுக்குக் கொஞ்சம் சப்பென்றிருந்தாலும், அதுதான் நியாயம் என்று பட்டது.

வேண்டாம் என்று சொன்ன இரண்டு கடைகளில் ஒன்று திரும்பக் கேன் வாங்க ஆரம்பித்தது. மற்றது வாங்கவேயில்லை. மாஜி தலைவர் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவள் நிற்கும்போது பைக்கை ஓரங்கட்டினார்.

"யம்மா, வேர்க்கடலக் கொல்லையில பன்னி பூந்து நாசம் பண்ணுது. என் துப்பாக்கி வெடிக்கறதேயில்ல. உன்னுது நல்லா சுடுமாமே? ஒரு தபா எடுத்துகினு வாயேன்."

ரெபேக்காள் அவரைப் பார்த்தாள். கோபப்படலாம் என்று நினைத்தாள், கோபம் வரவில்லை.

"அது அட்ட சுடறதுண்ணே. கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும் பன்னிக்கு. அத்த சுட்டா கேசும் என் மேல வரும். பாரெஸ்ட் ஆபீசுல எழுதிப் போடுங்க."

"ஒரு மாசமா எழுதிப் போட்டுகினுதான் கீறன்," என்று அலுத்துக்கொண்டு அவர் போனார்.

அடுத்த வருஷம் மாநிலப் போட்டிக்குப் பேர் கொடுத்தாள். சாலமோனும் கூட வந்தான். வரிசையாகப் பாய்கள், பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள், அளவெடுத்துத் தைத்த தோல் கோட்டோடு. ரெபேக்காள் கிளப்பிலிருந்து இரவல் வாங்கிய கோட்டைப் போட்டிருந்தாள், அது தோளில் இறுக்கியது. எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்க, இவள் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்ததால் பக்கத்துப் பாயில் இருந்த பெண்ணும் இவளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று. அந்தப் பெண் புன்னகைத்துவிட்டுத் தன் அட்டைப் பக்கம் திரும்பினாள்.

முதல் அட்டை கெட்டுப்போயிற்று. காற்று இடமிருந்து வீசிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் அதைக் கவனிக்காமலே சுட்டிருந்தாள். இரண்டாவதும் சுமார். மூன்றாவதுக்கு முன் துப்பாக்கியைக் கீழே வைத்து, தரையில் கன்னத்தை வைத்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். நேரம் ஓடியது. அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. சுடுவாள், இடது கை போல்ட்டைத் திறக்கும், கூடு பாயில் விழும், அடுத்தது உள்ளே போகும். காற்றைக் காட்டும் கொடி படபடத்தால் நிற்பாள். கொடி தொய்ந்தால் சுடுவாள்.

முடிவு ஒட்டியபோது அவள் பெயர் நடுவில் இருந்தது. அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெறவில்லை. கடைசி அட்டை மட்டும் தனியாகப் பார்த்தால் முதல் வரிசைக்காரர்களோடு நின்றிருக்கும். ஆனால் தனியாகப் பார்ப்பவர்கள் யாரும் இல்லை.

"இன்னா ஆச்சி?" என்றான் சாலமோன், எலுமிச்சம் சோற்றுப் பொட்டலத்தை நீட்டியபடி.

"நடுவுல வந்தன்."

"நடுவுலயா? பரவால்லயா அது?"

"காத்து புரியறதுக்குள்ள பாதி முடிஞ்சி போச்சி. அடுத்த வருஷம் கொடிய மொதல்லருந்து பாக்கணும்," என்று சொல்லிவிட்டு ரெபேக்காள் துப்பாக்கியின் குழாயைத் துடைக்க உட்கார்ந்தாள். அவன் பொட்டலத்தைப் பிரித்து, அவள் பங்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.